ஸ்டாக் வந்த கதை



கணினி படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது: "டபுளி லிங்க்டு லிஸ்ட் கொண்டு ஸ்டாக் அமைத்துக் காட்டுக." பலர் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். அதன் பின்னால் உள்ள மனிதர்களை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இந்தப் பதிவு.

ஸ்டாக் என்பது பந்தியில் அடுக்கி வைத்த தட்டுகள் போன்றது. கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். 1946இல் ஆலன் டூரிங் தமது கணினித் திட்ட அறிக்கையில் இதற்குப் 'புதை', 'தோண்டியெடு' என்ற பொருளில் பெயர் வைத்தார். ஒரு வேலையின் நடுவே இன்னொரு வேலைக்குப் போனால், திரும்பி வரவேண்டிய இடத்தைப் புதைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும் அல்லவா?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் கிளாஸ் சாமெல்சன், ஃபிரீட்ரிஷ் பவுவர் இருவரும் இதே கருத்தை 'நிலவறை' என்று அழைத்தார்கள். 1957இல் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார்கள்.

அதே 1950களில் அமெரிக்காவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் கணிதத் தேற்றங்களை நிறுவும் நிரல் எழுதினார்கள். எவ்வளவு நினைவிடம் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரியாது. எனவே காலியான இடத்தில் தகவலை வைத்து, அடுத்தது எங்கே என்ற முகவரியையும் கூடவே எழுதினார்கள். அதுதான் லிங்க்டு லிஸ்ட்.

1963இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட 'ஸ்லிப்' முறையில் ஒவ்வொரு கட்டமும் முன்னவர், பின்னவர் இருவரின் முகவரியையும் வைத்திருந்தது. மேலே சேர்க்க, மேலிருந்து எடுக்க, கீழே சேர்க்க, கீழிருந்து எடுக்க எனத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. முதல் இரண்டை மட்டும் பயன்படுத்தினால் அதுவே ஸ்டாக். தேர்வுக் கேள்விக்கான விடை அவ்வளவுதான்! மனிதரோடு உரையாடிய 'எலிசா' நிரலை அவர் எழுதியதும் இந்த முறையைக் கொண்டுதான்.

வெறும் ஸ்டாக்கிற்கு ஒருவழி இணைப்பே போதும். இருவழி என்றால் நினைவிடம் கூடுதலாகும். ஆனால் 'அன்டூ' வசதியில் கடைசி 100 மாற்றங்கள் மட்டும் போதும் என்றால், அடியில் உள்ள பழையதை நீக்க வேண்டும். மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்காமல் அதை உடனே எடுக்க இருவழி இணைப்பு உதவும்.

ஒரு வருத்தம் உண்டு. நிலவறைக் கருத்துக்காக 1988இல் பவுவருக்கு விருது கிடைத்தது. சாமெல்சன் 1980லேயே மறைந்துவிட்டார். 1975இல் டூரிங் விருது நியூவெல்லுக்கும் சைமனுக்கும் கிடைத்தது. ஷாவின் பெயர் அதில் இல்லை. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் இந்தப் பாடத்தை நடத்தும்போது, சாமெல்சன், ஷா பெயர்களையும் கரும்பலகையில் எழுதுங்கள்.