டேகெல் சிறையில் ஒரு திருவருகைக்காலம்



சிறைப்பட்டோர் விடுதலை பெறுவர் என்று எசாயா அறிவிக்கும் வாசகத்தை இந்நாள்களில் கேட்கிறோம். கேட்டுவிட்டுக் குடில் வேலைக்கும் பாடகர் குழுப் பயிற்சிக்கும் ஓடிவிடுகிறோம், பங்குத்தந்தையும்தான். ஆனால் மீட்பைப் பற்றி ஒரு கைதியே தியானித்தால் எப்படி இருக்கும்?

அருட்தந்தை ஆல்ஃபிரட் டெல்ப் ஜெர்மானிய இயேசு சபைக் குரு. ஹிட்லரின் ஆட்சி வீழ்ந்தபின் நாட்டை எப்படி நீதியோடு கட்டியெழுப்புவது என்று மறைவாகக் கூடிப் பேசியவர்களுள் ஒருவர். 1944 ஜூலை 28 அன்று, மியூனிக் நகரில் காலைத் திருப்பலி முடித்த அவரை ரகசியப் போலீஸ் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 36.

பெர்லினின் டேகெல் சிறையில் இரவும் பகலும் கைவிலங்கு. அந்தக் கைகளால்தான் திருவருகைக்காலத் தியானங்களை எழுதினார். துவைக்கும் துணிகளோடு சேர்த்து அந்தத் தாள்களை வெளியே கடத்தியவர்கள் இரண்டு பெண்கள். அவர்கள் துணியாதிருந்தால் அவை நமக்குக் கிடைத்திருக்காது.

திருவருகைக்காலம் மனிதனை உலுக்கி எழுப்பும் காலம், தன்னைத் தானே மீட்டுக்கொள்ள அவனால் இயலாது என்பதே அவர் எழுதியதன் சாரம். ஓராண்டுக்கு முன் அதே சிறையில் இருந்த லுத்தரன் போதகர் போன்ஹோஃபரும், சிறை அறையைத் திருவருகைக்காலத்துக்கு ஒப்பிட்டார்: அதன் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்.

ஆனால் டெல்புக்கு மட்டும் உள்ளிருந்தே திறக்கக்கூடிய ஒரு கதவைக் காட்டினார்கள். இயேசு சபையை விட்டு விலகினால் விடுதலை! டிசம்பர் 8, அமல அன்னையின் பெருவிழா. கைதானதால் தள்ளிப்போயிருந்த தமது இறுதி வார்த்தைப்பாட்டை, காண வந்த சக குரு ஒருவர் முன்னிலையில், சிறையிலேயே அளித்தார்.

உயிர்பிழைக்க அவருக்கு ஆசை இல்லையா? இருந்தது. விடுதலைக்காக மன்றாடினார், நண்பர்களையும் மன்றாடச் சொன்னார். மரண தண்டனைக்குப் பிறகும் அந்த எதிர்பார்ப்பை அவர் முழுதும் விட்டுவிடவில்லை. உயிரைக் கொடுத்தவர்களுக்குச் சாவைப் பற்றிய அச்சமே இராது என்று நாங்கள் மறையுரைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். விடுதலை வேறு, மீட்பு வேறு என்று குருமடத்தில் நான் தேர்வே எழுதியிருக்கிறேன். டெல்ப் அவ்வளவு எளிதாகப் பிரிக்கவில்லை. இரண்டையும் ஒரே செபத்தில் கேட்டார்.

1945 ஜனவரி 11 அன்று தீர்ப்பு. பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழாவன்று தூக்கிலிட்டார்கள். தீர்ப்பளித்த நீதிபதி மறுநாளே விமானக் குண்டுவீச்சில் இறந்தார். மூன்றே மாதங்களில் ஹிட்லரின் ஆட்சியும் முடிந்தது.

டெல்புக்குக் கல்லறை கிடையாது; சாம்பலைத் தூவிவிட்டார்கள். துணிகளோடு வெளியே போன அந்தத் தாள்கள் போருக்குப் பின் நூலாக வந்தன.