பாஷைப் பிள்ளைகள்

துபாஷி என்றதும் நமக்கு நினைவில் எழுகிறவர், புதுச்சேரியில் டூப்ளேயிடம் உத்தியோகம் பார்த்தபடியே நாட்குறிப்பும் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை. கான்ஸ்டாண்டிநோபிளில் அந்த உத்தியோகத்துக்குத் திராகோமான் என்று பெயர். 'தர்ஜுமான்' என்ற அரபுச் சொல் ஐரோப்பிய வர்த்தகர் நாவில் தேய்ந்து அப்படியாயிற்று.

அந்நகரிலிருந்து ஆண்ட துருக்கி சுல்தானின் சபைக்கு வந்த ஸ்தானாபதிகளில் பெரும்பாலோர் துருக்கி பாஷை அறியாதவர்கள். நடுவே நின்று பேசியவர்கள், பெரா என்ற பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லத்தீன் கிறிஸ்தவக் குடும்பத்தார். பாஷையில் வல்லவர்கள்தாம், ஆயினும் சுல்தானுடைய பிரஜைகள். ஸ்தானாபதி சொன்ன கடுஞ்சொல்லை வஸீரின் முகத்துக்கு நேரே உரைத்துவிட்டு, அன்று மாலை அவருடைய அதிகாரம் செல்லும் அதே ஊரில் தன் மனைவி மக்களிடம் திரும்ப வேண்டியவன், அச்சொல்லைக் கொஞ்சம் மெழுகிச் சொல்லியிருந்தால் அதைத் துரோகம் என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

ராஜாங்கங்களுக்கு அந்தத் தாட்சிண்யம் இல்லை. வெனிஸ் குடியரசு 1551-ல் தன் நாட்டு இளைஞரையே அனுப்பி, ஸ்தானாபதியின் மாளிகையில் தங்கவைத்து, ஹோஜா எனப்படும் ஆசான் ஒருவரை அமர்த்தித் துருக்கி கற்பிக்க ஏற்பாடு செய்தது. 'பாஷைப் பிள்ளைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். கொள்ளைநோய் சிலரைக் கொண்டுபோயிற்று. வேறு சிலர் இஸ்லாத்தைத் தழுவி அங்கேயே தங்கிவிட்டனர். அந்நிய தேசத்தை உள்ளிருந்து அறிந்துவரப் பிள்ளையை அனுப்புகிறவன் இதையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

பிரான்சில் கோல்பேர் மந்திரி 1669-ல் இதே முறையைக் கைக்கொண்டு, பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைக் கான்ஸ்டாண்டிநோபிளிலும் ஸ்மிர்னாவிலும் இருந்த கப்பூச்சின் மடங்களுக்கு அனுப்பினார். செலவை ஏற்றது மார்செய் நகரத்து வர்த்தக சபை. சுங்க வழக்கில் ஒரு சொல் பிசகினால் நஷ்டம் யாருக்கு என்பதை அவர்கள் அறியாதவர்களா? 1721-க்குப் பிறகு பிள்ளைகள் முதலில் பாரிஸில் லூயி-லெ-கிராந்த் கல்லூரியில் படித்து, பின்னரே பெராவுக்குக் கப்பலேறினார்கள். அப்படித் தேர்ந்தவர்களில் ஒருவரான வாந்தூர் த பாரதி, 1798-ல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற தலைமை மொழிபெயர்ப்பாளர். சமாதானத்துக்காகக் கற்ற பாஷை படையெடுப்புக்கும் உதவியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆஸ்திரியாவில் மரியா தெரேஸா இதே நோக்கத்துடன் 1754-ல் நிறுவிய கீழைமொழிக் கலாசாலை, இன்று ராஜதந்திரக் கலாசாலையாக வியன்னாவில் நடந்துவருகிறது.

பெராவில் இருந்த பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பயிற்சி விதிக்கப்பட்டிருந்தது. துருக்கிச் சுவடி ஒன்றை எடுத்து, அதைத் தம் கையாலேயே பிரெஞ்சில் பெயர்த்தெழுதி, அரசருடைய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பாடக் கட்டுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.