பத்துச்சீட்டு பிறந்த கதை

ஆளை வேலையிலிருந்து நிறுத்தும் கம்பெனிகள் அதை ஆங்கிலத்தில் 'லெட் கோ' என்கின்றன. போக விட்டார்களாம். போகிறேன் என்று கேட்காதவரைப் போக விடுவது எப்படி? இலங்கையின் கலஹா மலைத் தோட்டங்களில் இந்தப் பூசிய பேச்சு ஒரு காகிதமாகவே இருந்தது. பற்றுச்சீட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பேச்சில் பத்துச்சீட்டு.

அதற்கு முன்பு இருந்தது 'துண்டு'. கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் கட்டினார்கள். வழிச்செலவும் அரிசியும் கடனில் ஏறின. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், 'இத்தனை ரூபாய் கட்டினால் இவர்களை விடுவிப்பேன்' என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். அதுதான் துண்டு. புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும். அந்தக் கடனும் ஆட்களோடு கூடவே போகும். போக விடமாட்டார்களா என்று மனிதர்கள் ஏங்கிய காலம் அது.

துண்டை 1921இல் சட்டம் ஒழித்தது. பற்றுச்சீட்டு நிலைத்தது. விலகிப் போகிறவர் அடுத்த தோட்டத்தில் காட்டுவதற்காகக் கேட்டு வாங்கிய இந்தச் சீட்டை, வேண்டாதவருக்குத் துரையே நீட்டத் தொடங்கினார். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே 'பத்துச்சீட்டு குடுத்துட்டாங்க' என்றால் தொழிலோடு குடியிருந்த காம்பிராவும் போனது என்று பொருள். பிள்ளைகளையும் சட்டிபானைகளையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டும். இத்தனையையும் அந்தச் சீட்டில் 'விடுவிப்பு' என்று எழுதிய கை எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்கள் இந்தச் சீட்டுக்கு அஞ்சியே வாழ்ந்தார்கள். அப்படியும் 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் இதை 'விடுவிப்பு' என்று சொல்லவில்லை. வேலையை முடிவுறுத்தல் என்றே சொல்கிறது.