முகமூடிச் சங்கங்களும் பொதுத் தெருவும்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தவக்காலத்துக்கு முன் வரும் மார்டி கிரா விழாவை அரசு நடத்துவதில்லை. ‘க்ரூ’ எனப்படும் சங்கங்களே உறுப்பினர்களின் பணத்தில் அலங்கார ஊர்திகள் கட்டி ஊர்வலம் விடுகின்றன. இவை கேளிக்கைக் குழுக்கள்தானே, இதில் அரசியல் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்நகரின் பெருந்தெருக்களில் யார் அரசனாக வலம்வரலாம், யார் தீவட்டி சுமக்க வேண்டும் என்பதை நூறாண்டுக்கு மேல் இவையே தீர்மானித்தன.

முதல் சங்கமான கோமஸ் 1857இல் தன் முதல் ஊர்வலத்தை நடத்தியது. அதற்கு முன் தெருவில் அடிதடி பெருகி, விழாவையே நிறுத்திவிடலாம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. ஒரே கருப்பொருள், வரிசையான ஊர்திகள், இரவு நேரத் தீவட்டி வெளிச்சம் என்று விழாவுக்கு ஒழுங்கும் அழகும் தந்தது கோமஸ்தான். இதை மறுக்க முடியாது. ஆனால் ஊர்தியில் முகமூடியோடு நின்றவர்கள் வெள்ளைச் செல்வந்தர்கள். தீவட்டி சுமந்தவர்கள் கறுப்பின மக்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை வந்தபோது அந்த முகமூடி எதற்குப் பயன்பட்டது என்பதும் தெரிந்தது. 1873இல் கோமஸ் டார்வினின் பரிணாமக் கொள்கையைக் கருப்பொருளாக்கி, குடியரசுத் தலைவர் கிராண்ட் உள்ளிட்டோரை விலங்குகளாகவும் பூச்சிகளாகவும் காட்டியது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் உருவமும் அதில் இருந்தது. மறு ஆண்டே ‘வெள்ளையர் லீக்’ என்ற ஆயுதக் குழு மாநில அரசைக் கவிழ்க்கத் தெருவில் சண்டையிட்டது. இரண்டிலும் இருந்தவர்கள் பலர்.

இதற்குக் கறுப்பினத்தவரின் விடையாகப் பிறந்ததுதான் ஜூலு சங்கம். 1909இல் அதன் முதல் அரசர் வில்லியம் ஸ்டோரி பன்றிக்கொழுப்புத் தகரத்தைக் கிரீடமாக அணிந்து, வாழைத்தண்டைச் செங்கோலாக ஏந்தி வந்தார். ரெக்ஸ் என்ற வெள்ளையர் சங்கத்து அரசனின் ஆடம்பரத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் நையாண்டி செய்ததில்லை. சந்தா திரட்டி உறுப்பினரின் நோய்க்கும் இறுதிச் சடங்குக்கும் உதவும் கறுப்பினச் சங்கங்களின் மரபில் வந்தது அது. முகத்தில் கரி பூசும் அதன் வழக்கம் தன்னினத்தையே இழிவுபடுத்துகிறது என்று 1960களில் கறுப்பினத்தவரிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெருந்தெருக்கள் மறுக்கப்பட்ட ஒரு சங்கம் பல்லாண்டுகள் தன் சொந்தப் பேட்டைகளில் ஊர்வலம் விட்டது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 1960களின் இறுதியில்தான் அதற்குப் பெருந்தெரு திறந்தது.

1990களின் தொடக்கத்தில் நகர்மன்ற உறுப்பினர் டோரத்தி மே டெய்லர் முன்னெடுத்த சட்டம், ஊர்வல அனுமதி கேட்கும் சங்கம் உறுப்பினர் சேர்க்கையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. தனியார் சங்கம் யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம் என்று பழைய சங்கத்தார் எதிர்த்தார்கள். வீட்டுக்குள், அரங்குக்குள் அந்த வாதம் நிற்கும். அவர்களின் நடன விருந்துகளை யாரும் தடுக்கவில்லை. ஊர்வலம் அப்படியல்ல. அது போகும் தெரு எல்லாருடைய வரிப்பணத்தில் போட்டது. காவலும் துப்புரவும் அப்படியே. ரெக்ஸ் சட்டத்தை ஏற்றது. ஊர்வலத்திலிருந்து விலகிய புரோட்டியஸ் சங்கம் 2000இல் திரும்பி வந்தது. கோமஸும், மோமஸ் என்ற சங்கமும் இன்றுவரை தெருவுக்கு வரவில்லை. அவை இல்லாமலும் விழா சிறப்பாகவே நடக்கிறது. சட்டம் மரபை அழித்துவிடும் என்ற அச்சம் பொய்த்துப்போனது.