வென்ற வட்டும் வீழ்ந்த வட்டும்

கணிப்பொறியின் பிளாப்பி வட்டு 1.44 மெகாபைட்டே கொள்ளும். 1990களில் பெருகிய படங்களுக்கும் கோப்புகளுக்கும் அவ்விடம் போதவில்லை. அக்குறை தீர்க்க, 1995இல் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் போட்டியில் இறங்கின. ஐயோமெகாவின் ஜிப் வட்டு 100 மெகாபைட் கொண்டது, சைக்வெஸ்டின் ஈ.இசட். வட்டோ 135 மெகாபைட் கொண்டது, வேகத்திலும் மிக்கது. எனினும் சில திங்கள் முந்தி வந்து கடைதோறும் பரவிய ஜிப்பே வென்றது. சைக்வெஸ்ட் 1998இல் நொடித்துப்போயிற்று. பழைய பிளாப்பியையும் படிக்கவல்ல 120 மெகாபைட் சூப்பர்டிஸ்க்காலும் ஜிப்பை வெல்ல இயலவில்லை.

ஆயின் வென்றதும் நிலைக்கவில்லை. மலிவான குறுவட்டும், 2000இல் விற்பனைக்கு வந்த யூ.எஸ்.பி. நினைவகமும் ஜிப்பை வழக்கொழித்தன. ஒன்றன் வட்டை மற்றொன்றன் கருவி படியாது. ஆகவே, காலத்தே படியெடுக்காதோர், வட்டு கையிலிருந்தும் செய்தியை இழந்தனர். சேமித்தல் ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. தொடர்ந்து ஆற்றவேண்டிய கடமையாகும்.