பத்துப் பெட்டியும் ஒரு கயிறும்

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த 1961இல் எனக்கு ஏழு வயது. கீழக்கரையிலிருந்து வந்து தங்கியிருந்த முத்து வியாபாரி ஒருவரிடம் என் தாத்தா கணக்கெழுதினார். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று கரையில் ஏலம் எடுத்து, அழுகவிட்டு, கழுவி, அரித்தெடுத்த முத்துகள் ஒரு சிவப்புத் துணியில் முடிந்து வரும். தாத்தா அதைப் பித்தளைப் பெட்டிகளில் இட்டுச் சலிப்பார். பெட்டி என்று பெயர்தான், பார்த்தால் அடியில் துளையிட்ட சிறு கிண்ணம். பத்துக் கிண்ணம், பத்தும் ஒரே அளவு. முதலாவதில் 20 துளை, பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளை பெருகப் பெருக அதன் வாய் சிறுக்கும். இருபதில் தங்கியது பெரிய முத்து. ஆயிரத்திலும் தங்காமல் உதிர்வது தூள்.

சலித்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பிறகு சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார். உருண்டையும் ஒளியும் ஒருசேர அமைந்தது அணி. தட்டிப்போனது களிப்பு. இரண்டுக்கும் நடுவிலும், களிப்புக்குக் கீழும் இன்னும் பல பெயர்கள் உண்டு. அதன்பின் மஞ்சாடி எடை பார்க்கும் தராசு. "இருபதுல நின்னதெல்லாம் அணியாயிராதும்மா. அறுநூறுல நிக்கும் பாரு, அது அணியா இருக்கும்" என்பார். பெட்டி ஒன்றைச் சொல்லும், கண் ஒன்றைச் சொல்லும், தராசு இன்னொன்றைச் சொல்லும். மூன்றையும் கேட்காமல் விலை போட அவர் சம்மதித்ததே இல்லை.

நான் பிற்காலத்தில் கல்லூரியில் உளவியல் கற்பித்தேன். மனிதனின் தலைக்கனத்தை எண்ணால் அளக்க முடியும் என்று எங்கள் துறை நம்புகிறது. நானும் நம்புகிறேன். 1979இல் ராஸ்கின், ஹால் என்ற இரு அமெரிக்கர்கள் தன்மோகத்தை அளக்க ஒரு வினாத்தாள் செய்தார்கள். 1988இல் அது 40 இணை வாக்கியங்களாக உருப்பெற்றது. ஒவ்வோர் இணையிலும் ஒன்று அடக்கமானது, ஒன்று மிதப்பானது. நமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிதப்பானவற்றைக் கூட்டினால் 0 முதல் 40க்குள் ஓர் எண் வரும். ஓர் ஆளுக்கு ஓர் எண். அதை முதன்முதல் வகுப்பில் விளக்கிய அன்றே எனக்குத் தாத்தாவின் பெட்டிகள் நினைவுக்கு வந்துவிட்டன. ஒரே பெட்டியில் சலித்து விலை போடுகிறோமோ என்ற உறுத்தல் அன்று தொடங்கியது.

இந்த உறுத்தல் புதிதல்ல. 1890இல் வில்லியம் ஜேம்ஸ் தம் உளவியல் நூலில் தம்மையே உதாரணமாக்கி எழுதியிருக்கிறார். உளவியல் தம்மைவிட இன்னொருவருக்கு அதிகம் தெரிந்தால் தமக்கு வலிக்கும், கிரேக்க மொழி அறவே தெரியாமலிருப்பது தம்மைத் தொடுவதேயில்லை என்கிறார். எந்தத் துறையில் ஒருவன் தன்னைப் பந்தயமாக வைக்கிறானோ அங்கேதான் அவன் பெருமையும் சிறுமையும் குடியிருக்கின்றன. இதை ஓர் ஊரே நானூறு ஆண்டுகளாக வாழ்ந்து காட்டியிருக்கிறது என்றால், அது என் ஊர்தான்.

முத்துக்குளித்தல் எல்லாக் காலத்திலும் பெருமைக்குரிய தொழிலாக இருந்துவிடவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழி வந்த கிரேக்க மாலுமி ஒருவரின் குறிப்பில், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்தே முத்தெடுத்தார்கள் என்றிருக்கிறது. அதே கடலில் அதே தொழில் பின்னொரு காலத்தில் ஒரு சமூகத்தின் கௌரவமானது. 1530களில் அந்தச் சமூகத்தினரான பரதவர்கள் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுப் போய் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு மேலே ஜாதித்தலைவர் இருந்தார். அவருக்குப் பாண்டியபதி என்ற பட்டமும், பெயருக்கு முன்னால் தொன் என்ற போர்த்துக்கீசிய அடைமொழியும் சேர்ந்தன.

அந்தக் காலம் எங்கள் பேச்சில் விட்டுச்சென்ற மூன்று சொற்களை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. மேசை, சாவி, ஏலம். மூன்றும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. இன்று தமிழ்நாடு முழுக்கப் புழங்குகின்றன. எங்கள் கரையில் மட்டும் இந்த மூன்றும் ஓர் ஆளை அளக்கும் அளவைகளாக இருந்தன. யார் மேசையில் அமர்ந்து சாப்பிடுகிறவர், கோயில் சாவி யாரிடம், ஏலத்தில் யார் கை ஓங்கும்.

கடலில் அளவை வேறு. அங்கே அளவை கல். குளியாள் காலில் மாட்டிக்கொண்டு இறங்கும் கல்தான் சலாபக் கணக்கின் அலகு. ஒரு கல் என்றால் குளிப்பதற்கான ஓர் உரிமை. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்த பின்னும் அந்தக் கணக்கு தொடர்ந்தது. மதுரை நாயக்கருக்கும் ராமநாதபுரம் சேதுபதிக்கும் பட்டங்கட்டிகளுக்கும் இத்தனை கல் என வரியில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். ஒருவர் எவ்வளவு பெரியவர் என்று இந்தக் கடலிடம் கேட்டால் எத்தனை கல் என்று பதில் வரும். ஜாதித்தலைவருக்கு ஆங்கில அரசு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த விதி இன்னும் துல்லியமானது. 30 படகு வரை குளித்தால் ஒரு படகின் பங்கு அவருக்கு. 60 வரை இரண்டு, 90 வரை மூன்று, 120 வரை நான்கு, 150 வரை ஐந்து. அதற்கு மேல் எத்தனை படகு போனாலும் ஆறு. ஒரு மனிதரின் மதிப்பைப் படிக்கட்டுப்போல் வகுத்து, உச்சியில் ஒரு தடுப்பும் வைத்திருக்கிறார்கள். அளவைக் கருவி என்ற முறையில் எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை உண்டு. இந்தப் பெருமை கடலில் மட்டும் செல்லும், சலாபம் நடந்தால் மட்டும் செல்லும், ஆறுக்கு மேல் வளராது.

சலாபம் நடக்காவிட்டால்? அங்கேதான் கதை திரும்புகிறது.

கரையில் அளவை தேர். எங்கள் ஊர்க் கோயிலின் பனிமய மாதாவுக்குத் தங்கத் தேர் செய்து வைத்தவர் ஜாதித்தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ். 1806இல் அது முதன்முதலாக ஓடியது. அதனாலேயே ஊர் அவரைத் தேர்மாறன் என்றழைக்கிறது. அவர் காலத்தில் கடலிலும் கோயிலிலும் முதல் மரியாதை ஒரே வீட்டுக்குப் போனது. 1830 சலாபத்துக்குப் பிறகு, சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டு வெறுமையாகக் கிடந்தன. 1860 வாக்கில்தான் மறுபடி சிப்பி விளைந்தது. அந்த இடைவெளியில் தோணியும் சரக்கும் வியாபாரமுமாகச் செழித்த குடும்பங்கள் வேறு. மேசைக்காரர் என்று அவர்களைச் சொல்வார்கள். கடலுக்குப் போகும் குடும்பங்கள் அவர்களுக்குக் கீழே எண்ணப்பட்டன.

19ஆம் நூற்றாண்டு முழுக்கக் கோயில் உரிமைகளை ஒட்டி ஜாதித்தலைவருக்கும் மேசைக்காரருக்கும் இடையே மூண்ட வழக்குகளைப் படிக்கும்போது பலருக்கு அலுப்பு வரும். யார் எங்கே நிற்பது, யாருக்கு எந்த மரியாதை, சாவி யார் கையில், கோவா குருக்களா, திரும்பி வந்த சேசு சபையினரா. எனக்கு அலுப்பு வந்ததில்லை. பணத்தால் உயர்ந்தவர் அந்த உயரம் கோயிலிலும் செல்லுபடியாக வேண்டும் என்கிறார். கடலில் வருமானம் வற்றிய தலைவர், கோயிலில் மிச்சமிருக்கும் முதன்மையை இரு கையாலும் பற்றுகிறார். ஒரு பெட்டியில் நின்ற முத்தை இன்னொரு பெட்டியின் விலைக்கு விற்கப் பார்க்கும் சண்டை அது. இரண்டு தரப்பையும் வெறும் அகங்காரம் பிடித்தவர்கள் என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடலில் பறிபோனதற்கு ஈடு தேடியவர்கள் அவர்கள். அப்படித் தேடும் மனிதர்களை என் வகுப்புகளிலும் பார்த்திருக்கிறேன், என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

20ஆம் நூற்றாண்டில் இன்னொரு களம் திறந்தது, நகரசபை. அதன் தலைவராயிருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தார். உப்புத் தண்ணீர் குடித்த ஊருக்கு அது எவ்வளவு பெரிது என்பதை என் ஆச்சி குடத்தை இறக்கிவைக்கும் விதத்திலேயே நான் தெரிந்துகொண்டேன். ஊர் இன்றும் அவரைத் தண்ணீரால்தான் அளக்கிறது.

1989இல் அந்த நாற்பது இணைகளைத் தமிழாக்கி எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். முத்து நின்றுபோனதால் சங்கு குளித்துக்கொண்டிருந்த பழைய குளியாள்கள் அங்கே இருந்தார்கள். அறுபது வயது இருக்கும் ஒருவரிடம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். தலைமை தாங்கும் ஆற்றல் தனக்குண்டு என்பது போன்ற ஒரு வாக்கியம் வந்ததும் என் கையிலிருந்த தாளையே எட்டிப் பார்த்தார்.

"தலைவரா? அது அந்த வீட்டுல பொறந்தவங்க டீச்சரம்மா. நம்மள எதுக்கு அதுல சேக்குதீங்க?"

அந்த ஒரு சொல்லில் என் மொழிபெயர்ப்பு உடைந்தது. இந்த ஊரில் தலைவர் என்பது ஒரு குணத்தின் பெயரல்ல, ஒரு வீட்டின் பெயர். நாற்பதில் அவர் மூன்றுக்குத்தான் மிதப்பான விடை சொன்னார். என் தாளின்படி அவர் மிக மிக அடக்கமானவர்.

தாளை மடித்து வைத்துவிட்டுச் சும்மா பேசினோம். கடலைப் பற்றிக் கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். தொள்ளாயிரம் பாரில் எத்தனை பாகம் ஆழம், எந்த மாதம் தண்ணீர் தெளியும், தன் மூச்சுக்கு முன்னால் அந்தக் கரையில் எவன் மூச்சு நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். 1958 சலாபத்தில் தன் படகைப் போல் எவனும் சிப்பி அள்ளவில்லை என்றார். அந்தப் பேச்சை நாற்பதில் போட்டால் நாற்பதும் விழும்.

"அப்ப கோயில்ல, அண்ணாச்சி?" என்றேன்.

"கோயில்ல நான் பின்னால நிப்பேன்."

"வீட்டுல?"

சிரித்தார். "வீட்டுல அவ சொல்றதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "கடல்லயும் மேல இருக்க வரைக்கும்தான் டீச்சர் இதெல்லாம். கீழ போய்ட்டா கயிறு மச்சான் கையில. நான் இழுத்தா அவன் தூக்கணும்." குளியாளின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன் பிடிப்பது இந்தக் கரையின் பழைய வழக்கம். அக்கா தாலிக்காகவாவது அவன் கவனமாக இருப்பான் என்பார்கள். கடலின் மேல்பரப்பில் இவ்வளவு பெருமை பேசும் ஒருவர், ஐந்தாறு பாகம் கீழே போனதும் தன்னை முழுசாக இன்னொருவன் விரல்களில் ஒப்படைக்கிறார். ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே படகு. இதற்கு என்னிடம் பெட்டி இல்லை.

அதன்பின் நான் அந்தத் தாளைப் பகுத்தேன். கடல், கோயில், வீடு, சந்தை என்று நான்காக்கி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தேன். பெரிய ஆய்வு என்று அதைச் சொல்லமாட்டேன். ஒரு கல்லூரி ஆசிரியை விடுமுறையில் செய்தது. வெகுகாலம் கழித்து 2012இல் ஜெர்மானியரான கெபாவரும் அவர் தோழர்களும், பிறருக்கு உதவுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று எண்ணும் தன்மோகத்துக்குத் தனி அளவையே செய்திருப்பதைப் படித்தேன். அறிவால், அதிகாரத்தால் மிதப்பவரைப் பழைய தாள் பிடித்துவிடும். கொடையால் மிதப்பவர் அதில் வழுக்கிவிடுவார். திருவிழா உபயப் பட்டியலில் தன் பெயர் எத்தனாவது வரியில் வருகிறது என்று பார்க்கிறவர்களைச் சிறுவயதிலிருந்து கண்ட எனக்கு, அந்தக் கட்டுரை நெடுநாள் காத்திருந்த கடிதம்போல வந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

தாத்தாவின் பெட்டிகள் இப்போது என்னிடம் ஒன்பதுதான் இருக்கின்றன. எண்பது காணோம். வீடு மாறும்போது எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

2007இல் தங்கத் தேர் ஓடியது. ஆகஸ்ட் மாத வெயிலில் தெருவே மனிதத் தலைகளாக இருந்தது. வடத்தைப் பிடித்திருந்த கூட்டத்தில் அந்தக் குளியாளைப் பார்த்தேன். எண்பதை நெருங்கியவர், பேரன் தோளில் ஒரு கை. மாலையும் மேளமுமாக நடந்தவர்கள் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் வடத்தின் கடைசிப் பகுதியில் இருந்தார். சுற்றியிருந்த இளைஞர்கள் வடத்தைத் தோளில் போட்டு முண்டி இழுத்தார்கள். இவர் இழுக்கவே இல்லை. உள்ளங்கையைத் திறந்து வடத்தை அதில் மெல்லக் கிடத்தி, விரல்களைத் தளர மடித்து, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, மறுமுனையிலிருந்து ஒரு சுண்டல் வருகிறதா என்று பார்ப்பவர்போல நடந்துகொண்டிருந்தார்.