கண்ணில் தைத்த துணுக்கும் கண்ணுக்குள் வைத்த வில்லையும்

கண்ணுக்குள் அயற்பொருள் ஒன்று புகுந்துவிட்டால் அதை அகற்றியே தீரவேண்டும் என்பது கண் மருத்துவம் கற்போருக்கு முதலில் புகட்டப்பட்ட விதி. இரும்புத்தூளும் கண்ணாடிச் சில்லும் முள்ளும் கண்ணுக்குள் தங்கினால் அழற்சி மூண்டு பார்வை அழியும் என்பதை நூற்றாண்டுகளின் பட்டறிவு காட்டியிருந்தது. அவ்விதியை மீறி, ஒரு மருத்துவர் தாமே ஓர் அயற்பொருளைக் கண்ணுக்குள் வைத்துத் தைத்தார். இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹெரால்ட் ரிட்லியின் அச்செயலை இப்பொழிவில் ஆராய விழைகிறோம். வேதியியல், மருத்துவம், ஒளியியல் ஆகிய மூன்றும் அதில் ஒன்றையொன்று சோதித்தன என்பதே நாம் அதைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை கலங்கிப்போவது. (கற்பூரத்துக்கும் மருந்துக்கும் வழங்கிய ‘வில்லை’ என்னும் சொல்லையே ஒளியியலுக்கும் நாம் எடுத்துக்கொண்டது பொருத்தமாகவே அமைந்தது.) கலங்கிய வில்லையை ஊசியால் கண்ணின் உட்புறம் தள்ளிவிடும் முறையைச் சுசுருதரின் நூல் கூறுகிறது. 1747இல் பிரான்சின் ழாக் தவியேல் அதை வெளியே எடுக்கும் அறுவையைச் செய்தார். ஆயினும் எடுத்த இடம் வெற்றிடமாகவே விடப்பட்டது. நோயாளி தடித்த மூக்குக்கண்ணாடியைச் சுமந்தார். அது பொருள்களைக் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். பக்கப் பார்வையைக் குறைக்கும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்தா. புரை நீங்கியது, பார்வை முழுமையாக மீளவில்லை.

1930களில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் நெகிழி விற்பனைக்கு வந்தது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் அதனைப் பெர்ஸ்பெக்ஸ் என்னும் பெயரில் விற்றது. கண்ணாடியைப் போல் தெளிவும், அதன் எடையில் பாதிக்கும் குறைவான எடையும் கொண்ட அப்பொருள் போர் விமானங்களின் மூடியாயிற்று. 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்னும் விமானியின் விமானம் சுடப்பட்டு, மூடி சிதறி, துணுக்குகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. (அது ஸ்பிட்ஃபயர் விமானம் என்று பலர் எழுதுவர், உண்மையில் அது ஹரிகேன்.) ஒரு கண் பார்வை இழந்தது. மற்றொரு கண்ணில் தங்கிவிட்ட துணுக்குகளோ அழற்சியை மூட்டாமல் அமைதியாகக் கிடந்தன. அவருக்குச் சிகிச்சை அளித்தோருள் ஒருவரான ரிட்லி அதைக் கண்டார்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இங்கேயே கண்டுபிடிப்பு நிகழ்ந்துவிட்டதாக முடித்துவிடுவர். நாம் அதற்கு உடன்படோம். அந்த விபத்துக்கும் அறுவைக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் உள்ளன. புரை நீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்றை வைக்கமாட்டீர்களா என வினவியது ரிட்லியைச் செயலுக்குத் தூண்டியது. ரேய்னர் நிறுவனத்தின் ஒளியியலாளர் ஜான் பைக் வில்லையை வடிவமைத்தார். ஐ.சி.ஐ.யின் வேதியியலாளர் ஜான் ஹோல்ட் மருத்துவப் பயன்பாட்டுக்கெனத் தூய்மை மிகுந்த பெர்ஸ்பெக்ஸைத் தந்தார். பலபடியாகாமல் எஞ்சும் ஒருபடி மூலக்கூறுகள் திசுவை உறுத்தும் ஆதலின், விமான மூடிக்குப் போதுமான தரம் கண்ணுக்குப் போதாது. 1949 நவம்பர் 29 அன்று அறுவை மறைவாகத் தொடங்கியது. 1950 பிப்ரவரியில் வில்லை நிலையாகப் பொருத்தப்பட்டது.

விளைவு? கண் அவ்வில்லையை ஏற்றுக்கொண்டது. ஆனால் நோயாளிக்கு ஏறத்தாழ 18 டயாப்டர் கிட்டப்பார்வை ஏற்பட்டது. பிழை கணக்கில் இருந்தது. செயற்கை வில்லை, இயற்கை வில்லையின் வளைவுகளையே பின்பற்றியிருந்தது. ஒரு வில்லையின் திறனோ வளைவை மட்டும் பொறுத்ததன்று. அதன் ஒளிவிலகல் எண்ணுக்கும் சூழ்ந்துள்ள நீர்மத்தின் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டையும் பொறுத்தது. கண்ணீர்மத்தின் எண் 1.34 அளவு, இயற்கை வில்லையினது சராசரியாக 1.42, பெர்ஸ்பெக்ஸினது 1.49. மாணவர்கள் கழித்துப் பார்க்கலாம்: வேறுபாடு 0.08இலிருந்து 0.15ஆக, ஏறக்குறைய இருமடங்காகிறது. அதே வளைவில் திறனும் அவ்வாறே பெருகும். அடுத்த வில்லைகளில் வளைவு தட்டையாக்கப்பட்டது.

வேறு இடர்கள் எளிதில் தீரவில்லை. கிருமி நீக்கப் பயன்படுத்திய செட்ரிமைடு வில்லையில் தங்கி அழற்சியை உண்டாக்கியது. வில்லை கனமானது, சிலரது கண்ணில் இடம்பெயர்ந்தது. 1951இல் ஆக்ஸ்ஃபர்ட் மாநாட்டுக்கு ரிட்லி தம் நோயாளிகளையே அழைத்துச் சென்றார். அக்காலக் கண் மருத்துவத்தின் பெரும் அதிகாரியாகிய ஸ்டூவர்ட் டியூக்-எல்டர் அவர்களைப் பரிசோதிக்கவும் மறுத்துவிட்டார். எதிர்த்தோர் அனைவரையும் பழமைவாதிகள் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவர்கள் சுட்டிய தீங்குகள் மெய்யானவை, மறைவாகச் செய்த அறுவை ஐயத்தையும் வளர்த்தது. ஆயினும் சான்றைப் பார்த்தபின் மறுப்பது வேறு, பார்க்கவே மறுப்பது வேறு. 1966இல் ரிட்லியும் பீட்டர் சாய்ஸும் இம்முறையில் ஈடுபாடுடைய மருத்துவர்களை ஒரு கழகமாகத் திரட்டினர். வடிவம் திருந்தியது, எடை குறைந்தது. 1981இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. 1987இல் கிளீவரின் எஞ்சிய கண்ணில் புரை வளர்ந்தபோது அவருக்கும் செயற்கை வில்லை பொருத்தப்பட்டது. ரிட்லியும் தம் முதுமையில் அதே அறுவையைத் தம் கண்களுக்குச் செய்துகொண்டார்.

எஞ்சியது விலை. மதுரையில் 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இலவச முகாம்கள் வழியே பெருந்திரளான ஏழைகளுக்குப் புரை நீக்கியது. இறக்குமதியான வில்லை ஒன்றின் விலையோ நூறு டாலர் அளவில் இருந்தது. பணமுள்ளோருக்கு வில்லையும், இல்லாதோருக்குத் தடித்த கண்ணாடியும் என்ற நிலை தொடர்ந்தது. 1992இல் அதே நகரில் ஆரோலேப் நிறுவப்பட்டு, அதே நெகிழியைக் கடைந்து வில்லை செய்யத் தொடங்கியது. விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. முகாமுக்குப் பேருந்தில் அழைத்துவரப்பட்ட மூதாட்டிக்கும் அதன்பின் கண்ணுக்குள்ளேயே வில்லை கிடைத்தது.